ஓராண்டே ஓடிய குதிரைகள்

1962ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்த இரு ஒளிபரப்பு நிறுவனங்கள் பதினோரு நாள் இடைவெளியில் ஏறத்தாழ ஒரே களத்தைக் கொண்ட இரு நாடகத் தொடர்களைத் தொடங்கின. என்.பி.சி. நிறுவனத்தின் ‘வைட் கன்ட்ரி’ செப்டம்பர் 20ஆம் நாளிலும், ஏ.பி.சி. நிறுவனத்தின் ‘ஸ்டோனி பர்க்’ அக்டோபர் 1ஆம் நாளிலும் திரைக்கு வந்தன. இரண்டின் நாயகர்களும் துப்பாக்கி வீரர்கள் அல்லர். ஊர்க்காவல் தலைவர்களும் அல்லர். ஊர் ஊராகச் சென்று துள்ளும் குதிரைகளின்மேல் ஏறிப் பரிசு தேடும் ரோடியோ வீரர்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் முதலாவதும், மே மாதத்தில் இரண்டாவதும் நின்றுபோயின. முன்னதில் 28 பகுதிகள், பின்னதில் 32.

இவ்விரு தொடர்களும் ஏன் பிறந்தன, ஏன் இவ்வளவு விரைவில் மறைந்தன என்று ஆராயப் புகுமுன், அவற்றின் நாயகர்கள் செய்த தொழிலைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும்.

ரோடியோ என்பது ஸ்பானியச் சொல். சுற்றி வளைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பரந்த புல்வெளியில் சிதறி மேயும் மாடுகளை வளைத்து ஓரிடத்தில் சேர்க்கும் வேலைக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. மெக்சிகோவின் மாடு மேய்ப்போரிடமிருந்து சேணத்தையும் சுருக்குக் கயிற்றையும் கற்றுக்கொண்டவர்களே அமெரிக்கக் கௌபாய்கள். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிற்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம், டெக்சஸ் மாநிலத்து மாடுகளை வடக்கேயுள்ள இருப்புப்பாதை நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் பணி இவர்களுக்குச் சோறளித்தது. பிறகு முள்கம்பி வந்தது. 1874இல் ஜோசப் கிளிடன் அதற்குக் காப்புரிமை பெற்றார். திறந்தவெளி வேலிகளால் துண்டாடப்பட்டது. இருப்புப்பாதைகள் மேய்ச்சல் நிலங்களை நெருங்கின. 1886ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொடும் பனிக்காலம் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அதனோடு கௌபாயின் பொற்காலம் முடிந்தது எனலாம்.

வேலை குறைந்தவன் தன் வேலையையே வேடிக்கையாக்கிக் காட்டத் தொடங்கினான். அரிசோனாவின் பிரெஸ்காட் நகரில் 1888ஆம் ஆண்டிலும், வயோமிங் மாநிலத்துச் செயென் நகரில் 1897ஆம் ஆண்டிலும் இத்தகைய போட்டிகள் தொடங்கின. மாடு ஓட்டிய காலத்தில் அவனுக்குக் கூலி உண்டு. போட்டிக்களத்திலோ அதுவும் இல்லை.

இதை அறியாதார்க்கு ரோடியோ வாழ்வின் கசப்பு விளங்காது. ரோடியோ வீரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. களத்தில் இறங்குவதற்கே அவன் பங்கேற்புக் கட்டணம் செலுத்துகிறான். வழிச்செலவும் அவனுடையதே, எலும்பு முறிந்தால் மருத்துவச் செலவும் அவனுடையதே. எந்தக் குதிரை தனக்கு வாய்க்கும் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. சேணமிட்ட குதிரையின் கழுத்தருகே உள்ள தடித்த கயிற்றை ஒரு கையால் மட்டுமே பற்றவேண்டும்; மறுகை குதிரையையோ சேணத்தையோ தன் உடலையோ தொட்டுவிட்டால் மதிப்பெண் இல்லை. இக்கால விதிப்படி 8 வினாடிகள் நிலைத்திருந்தால் நடுவர் மதிப்பிடுவர். அந்த மதிப்பெண்ணிலும் பாதி குதிரைக்கு உரியது! குதிரை அடங்கிப் போயிற்றென்றால் வீரனின் மதிப்பெண்ணும் தாழ்ந்து போகும். தன்னைக் கீழே தள்ள முழு வலிமையோடு முயலும் விலங்கு தனக்கு வாய்க்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தொழில் இது.

இந்நிலையை எதிர்த்து வீரர்கள் ஒருமுறை திரண்டெழுந்தனர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரின் உள்ளரங்கில் டபிள்யூ.டி.ஜான்சன் என்பவர் ரோடியோ நடத்தினார். வீரர்கள் செலுத்திய கட்டணம் பரிசுத்தொகையில் சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்று 61 வீரர்கள் கையொப்பமிட்டுக் களத்தைப் புறக்கணித்தனர். அவர்களுக்கு மாற்றாக இறக்கப்பட்டவர்களின் தடுமாற்றத்தைக் கண்டு பார்வையாளர் கூச்சலிட, நடத்துநர் இணங்க நேர்ந்தது. அவ்வீரர்கள் அமைத்த சங்கத்திற்கு ‘ஆமைகள் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டனர். ஒன்றுசேர நெடுங்காலம் எடுத்துக்கொண்ட மெதுவான உயிர்கள் தாங்கள். எனினும் கடைசியில் கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்பது அதன் பொருள். தொழிற்சங்க வரலாற்றில் இத்துணை நகைச்சுவையும் நாணயமும் கொண்ட பெயர் வேறொன்று இருத்தல் அரிது. 1945இல் அச்சங்கம் ரோடியோ கௌபாய்கள் சங்கம் என்று பெயர் மாறியது.

சங்கம் அமைந்த பின்னரே ரோடியோவில் நாடறிந்த நாயகர்கள் தோன்ற முடிந்தது. அவர்களுள் தலையாயவர் கேசி திப்ஸ். தென் டகோட்டாவின் போர்ட் பியர் பகுதியில் 1929இல் பிறந்தவர். சேணக் குதிரைப் போட்டியில் ஆறு முறை உலக வாகையர் பட்டம் பெற்றவர். 1951இல் ‘லைப்’ இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. நாட்டுப்புறத்துக் குதிரைக்காரர் ஒருவர் பெருநகரத்து வரவேற்பறைகளில் அறிமுகமான தருணம் அது. பின்னர் ‘ஸ்டோனி பர்க்’ தொடருக்கு ஆலோசகராக அமைந்தவரும் அவரே.

திரைப்படம் தொலைக்காட்சிக்கு முன்பே இவ்வாழ்வைக் கண்டுகொண்டது. நிக்கலஸ் ரே இயக்கி ராபர்ட் மிச்சம் நடித்த ‘தி லஸ்டி மென்’ 1952இல் வந்தது. உடல் நொறுங்கிய ரோடியோ வீரனின் கதை அது. 1961இல் வந்த ‘தி மிஸ்பிட்ஸ்’ படத்திலும் அத்தகைய வீரன் ஒருவன் உண்டு. எனினும், தொலைக்காட்சியை இவ்வழியில் திருப்பியது கலை நாட்டம் மட்டுமன்று; அச்சமும்தான்.

1959ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலை நேரத்தை இருபதுக்கும் மேற்பட்ட கௌபாய்த் தொடர்கள் நிறைத்திருந்தன. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் துப்பாக்கி வெடித்தது. 1961 மே 9ஆம் நாள், ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவரான நியூட்டன் மினோ, ஒளிபரப்பாளர்களின் கூட்டத்திலேயே நின்று, தொலைக்காட்சியைப் பரந்த பாழ்நிலம் என்று கடிந்துரைத்தார். அதே ஆண்டு செனட்டர் தாமஸ் டாட் தலைமையிலான குழு, திரையில் காட்டப்படும் வன்முறை இளையோரைக் கெடுக்கின்றதா என்று விசாரிக்கலாயிற்று. நிறுவனங்கள் தொப்பியையும் குதிரையையும் விட்டுவிட விரும்பவில்லை. துப்பாக்கியை மட்டும் ஒளித்துவைக்க விரும்பின. அதற்கு ஏற்ற இடம் ரோடியோ களம்! ஆங்கு ஆபத்து உண்டு, கொலை இல்லை. வீரம் உண்டு, பகைவன் இல்லை.

‘ஸ்டோனி பர்க்’ தொடரை உருவாக்கியவர் லெஸ்லி ஸ்டீவன்ஸ். நாயகனாக ஜாக் லார்ட் நடித்தார். உலக வாகையருக்குரிய பொன் பக்கிளைத் தன் இடைவாரில் அணிவதே ஸ்டோனியின் ஒரே குறிக்கோள். அவனைச் சுற்றி நண்பர் சிலர். அவர்களுள் வெஸ் பெயின்ட்டர் என்பவன் குறுக்குவழியிலேயே காசு தேடுபவன். நட்பையும் விடாதவன், நாணயத்தையும் பிடிக்காதவன். அப்பாத்திரத்தை ஏற்ற வாரன் ஓட்ஸ், பின்னாளில் பெரிதும் மதிக்கப்பட்ட நடிகரானார். கறுப்பு வெள்ளையில் புழுதியும் வேலிக்கம்பங்களும் நிழலுமாக அமைந்த அத்தொடரின் ஒளிப்பதிவில் பணியாற்றிய கான்ராட் ஹால், பிற்காலத்தில் மும்முறை ஆஸ்கார் விருது பெற்றவர்.

ஆயினும், கதையின் அடித்தளத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. பொன் பக்கிள் கிடைத்துவிட்டால் தொடர் முடிந்துவிடும். கிடைக்காதவரை, வாரந்தோறும் தோற்றுக்கொண்டோ, தன் போட்டியை மறந்து பிறருடைய துன்பத்தைத் தீர்த்துக்கொண்டோ இருக்கும் ஒருவனைப் பார்வையாளர் காணவேண்டும். துப்பாக்கி நாயகனுக்கு இத்தொல்லை இல்லை. அவன் வாரந்தோறும் வெல்லலாம். ரோடியோ வீரனின் உண்மை வாழ்வில் தோல்வியே வழக்கம், வெற்றி விலக்கு. அவ்வுண்மையைத் தொடர் மறைக்கவில்லை. அதற்குரிய விலையையும் அதுவே கொடுத்தது.

‘வைட் கன்ட்ரி’ வேறு வழியில் சென்றது. ஏர்ல் ஹாலிமன் நடித்த மிட்ச் கத்ரி முன்னரே வாகை சூடிய வீரன். அவனுடன் அலைபவன் தம்பி ஆண்டி; அப்பாத்திரத்தில் ஆண்ட்ரூ பிரைன் நடித்தார். தம்பியும் அண்ணன் வழியிலேயே ரோடியோ வீரனாக விழைகிறான். அண்ணனோ அவனை அத்தொழிலிலிருந்து விலக்கி, நிலையான வாழ்வொன்றில் அமர்த்தத் துடிக்கிறான். பட்டம் பெற்றவனே தன் தொழில் தன் தம்பிக்கு ஆகாது என்கிறான். அவ்வாறு கூறிக்கொண்டே அடுத்த ஊரின் களத்திற்கு வண்டியைச் செலுத்துகிறான். தம்பியும் பக்கத்தில் அமர்ந்திருக்கிறான். இளையோர் கேட்கும் சொல்லினும் காணும் செயலே அவர்களை இழுக்கும் என்பதை இதனினும் எளிமையாக எவரும் அமைத்திருக்க முடியாது. இரு தொடர்களுள் இதுவே ஆழமான கருவைக் கொண்டது. ஆயின், அக்கரு தீர்வற்றது. தம்பி இணங்கினால் துணை போய்விடும். இணங்காவிட்டால் அறிவுரையே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

நேர அமைப்பும் இவற்றுக்குப் பகையாயிற்று. வியாழன் இரவில் ‘வைட் கன்ட்ரி’யின் பிற்பகுதி ஓடிக்கொண்டிருக்கையில், சி.பி.எஸ். நிறுவனம் ‘பெரி மேசன்’ வழக்கறிஞர் கதையைத் தொடங்கிவிடும். திங்கள் இரவு 9 மணிக்கு ‘ஸ்டோனி பர்க்’ எதிர்கொண்டவை அதே நிறுவனத்தின் டேனி தாமஸ், ஆண்டி கிரிபித் ஆகியோரின் நகைச்சுவைத் தொடர்கள். பகல் முழுதும் உழைத்துத் திரும்பியவர்கள், உழைத்தும் கூலி பெறாத ஒருவனைக் காண்பதினும் சிரிப்பதையே விரும்பினர் போலும். கௌபாய் நாடகத்தையே மக்கள் வெறுத்துவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. ‘வைட் கன்ட்ரி’ தொடங்கியதற்கு முந்தைய நாள் அதே நிறுவனம் தொடங்கிய ‘தி வர்ஜீனியன்’ 1971 வரை நீடித்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை. பழைய கௌபாயை மக்கள் விரும்பினர். தம் காலத்தில், தம் நெடுஞ்சாலைகளில், பழுதடையக்கூடிய காரில் செல்லும் கௌபாயை விரும்பவில்லை.

இவ்வாறு உண்மையை நாடிய தொடர்களிலும் ஓர் உண்மை முன்னிடம் பெறவில்லை. இரண்டின் நாயகர்களும் வெள்ளையரே. காளையின் கொம்பைப் பற்றித் தரையில் வீழ்த்தும் போட்டியை ரோடியோவுக்கு அளித்த பில் பிக்கெட், டெக்சஸில் 1870இல் பிறந்த கறுப்பினத்தவர். 1916இல் பெண்டில்டன் போட்டியில் வாகை சூடிய ஜாக்சன் சன்டவுன், நெஸ் பெர்ஸ் என்னும் தொல்குடியைச் சேர்ந்தவர். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். 1932இல் மறைந்த பிக்கெட்டைத் தேசிய ரோடியோ புகழ்மன்றம் ஏற்றுக்கொண்டது 1971இல்தான்.

தொடர்கள் நின்றபின் அவற்றைச் சார்ந்தோர் வேறு வழிகளில் சென்றனர். லெஸ்லி ஸ்டீவன்ஸ் அதே 1963ஆம் ஆண்டில் ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரைத் தொடங்கினார். ஜாக் லார்ட், 1968இல் ‘ஹவாய் பைவ்-ஓ’ தொடரில் காவல்துறை அதிகாரியாகத் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பாத்திரத்திலேயே நிலைத்தார். ஏர்ல் ஹாலிமன் 1974 முதல் ‘போலிஸ் வுமன்’ தொடரில் நடித்தார். ரோடியோ களமோ எவருக்காகவும் காத்திருக்கவில்லை. 1959இல் டாலஸ் நகரில் தொடங்கிய தேசிய இறுதிப்போட்டி, இத்தொடர்கள் தோன்றிய 1962ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிசுக்கு வந்தது. பின்னர் ஓக்லஹோமா நகருக்கும், 1985இல் லாஸ் வேகாசுக்கும் சென்றது.

கேசி திப்ஸ் குதிரையின்மேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையொன்று 1989இல் கொலராடோ ஸ்பிரிங்சில் உள்ள ரோடியோ புகழ்மன்றத்தின் முன் நிறுவப்பட்டது. அதனைத் தம் கண்ணாரக் கண்ட அவர், 1990 ஜனவரியில் மறைந்தார். குதிரை இன்னும் துள்ளிய நிலையிலேயே நிற்கிறது. சவாரி செய்பவர் விழவில்லை.