உடற்பயிற்சிக் கூடமும் மறுவாழ்வு ஊழியமும்: ஒரு வரலாற்று நோக்கு

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் பெற்றோருடன் என் இல்லத்திற்கு வந்தார். உடற்பயிற்சியையும் விளையாட்டையும் அறிவியலாகக் கற்க வேண்டும். பின்னர் விபத்தினாலும் பக்கவாதத்தினாலும் நடக்க இயலாமற்போனவர்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். "விளையாட்டெல்லாம் ஒரு படிப்பா ஐயா? நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் தந்தை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில், இதே விருப்பத்தோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியவன் நான். சரீர முயற்சியைக் குறித்துப் பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதியதை அன்று எடுத்துக்காட்டினேன். அவரும் மறுபேச்சின்றி வேறு படிப்பிற்குச் சென்றுவிட்டார். அந்த அறிவுரை சரியானதுதானா என்னும் ஐயம் இப்பொழுது எழுந்தது. உடற்கல்விக்கும் மறுவாழ்வுப் பணிக்கும் உள்ள உறவு என்ன? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஸ்டாக்ஹோமில் தொடக்கம்

சுவீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) ஒரு போதகரின் மகன். தம் கை வலியினால் துன்புற்ற அவர், வாட்பயிற்சியினால் நலம் பெற்றதை உணர்ந்து, முறையான அசைவு உடலைச் சீர்ப்படுத்தக் கூடும் என்னும் எண்ணத்தை ஆராயத் தொடங்கினார். 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் அரசின் ஆதரவோடு மத்திய உடற்பயிற்சிக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார்.

லிங் தமது பயிற்சி முறையை நான்காகப் பகுத்தார்: கல்விக்குரியது, படைக்குரியது, அழகுணர்ச்சிக்குரியது, மருத்துவத்திற்குரியது. பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்பிப்பவரும் நோயுற்ற மூட்டை அசைத்துச் சீராக்குபவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே அடிப்படையிலிருந்து பயின்றனர். உடற்கூற்றியலும் உடலியங்கியலும் அவ்விருவருக்கும் பொதுவான பாடங்களாயின. இன்று நாம் உடற்கல்வி ஆசிரியர் என்றும் இயன்முறை மருத்துவர் என்றும் பிரித்துக் கூறும் இரு தொழில்களும் தொடக்கத்தில் உடன்பிறப்புகளாக வளர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இந்தச் சுவீடன் முறை அமெரிக்காவிற்கும் பரவிற்று. 1889இல் பாஸ்டன் நகரில் மேரி ஹெமன்வே, ஏமி மோரிஸ் ஹோமன்ஸ் என்னும் இரு பெண்மணிகளின் முயற்சியால் உடற்பயிற்சி ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று உருவாயிற்று. அது எவ்வளவு பெரிய தேவைக்கு ஆயத்தம் செய்தது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

2. ஆல்மான்ட் ஊரின் இரு நண்பர்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைச் சார்ந்த ஆல்மான்ட் என்னும் சிற்றூரில் இரு சிறுவர்கள் நண்பர்களாய் வளர்ந்தனர். ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் (1861–1939). மற்றவர் இராபர்ட் டெய்ட் மெக்கன்சி (1867–1938). முன்னவர் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். பின்னவர் பிரெஸ்பிட்டேரியப் போதகர் ஒருவரின் மகன். அவரும் இளமையில் தந்தையை இழந்தார்.

நெய்ஸ்மித் போதகராகும் நோக்கத்தோடு மாண்ட்ரியல் நகரின் பிரெஸ்பிட்டேரியக் கல்லூரியில் இறையியல் பயின்று, 1890இல் அதை முடித்தார். இறையியல் மாணவர் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வதைக் கண்டு வருந்திய உடன்மாணவர் சிலர், அவருடைய ஆன்மநலனுக்காகக் கூடி ஜெபித்ததுண்டு. பட்டம் பெற்றபின் அவர் திருச்சபைப் பொறுப்பை ஏற்காமல், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளையும் பதின்மூன்று விதிகளையும் கொண்டு கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1916இல் குருத்துவ அருட்பொழிவு பெற்றுப் படைக்குருவாகவும் பணியாற்றினார். போதகப் பணியைத் துறந்து போனவர் என்று கருதப்பட்ட அவர், உண்மையில் அப்பணியின் எல்லையை விரித்தவராவார்.

மக்கில் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித் வகித்த உடற்பயிற்சி ஆசிரியர் பொறுப்பை அவருக்குப்பின் மெக்கன்சி ஏற்றார். 1892இல் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், 1904 முதல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையை நடத்தினார். 1909இல் இவர் வெளியிட்ட நூல், கல்வியிலும் மருத்துவத்திலும் உடற்பயிற்சிக்குரிய இடத்தை ஒருசேர ஆராய்ந்தது. சிறந்த சிற்பியாகவும் விளங்கியதால், மனித உடலின் அசைவை அவர் மருத்துவக் கண்ணாலும் கலைக் கண்ணாலும் நோக்கினார்.

3. போரின் இடிபாடுகளிடையே

முதல் உலகப் போர் புதியதொரு சிக்கலைத் தோற்றுவித்தது. அறுவைச் சிகிச்சை முன்னேறியிருந்ததால், முன்பு இறந்திருக்கக்கூடியவர் பலர் பிழைத்தனர். ஆனால் பிழைத்தவர் கை மடங்காமலும் கால் ஊன்றாமலும் இருந்தனர். மருத்துவமனைக் கட்டில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. போர்க்களத்திற்கோ வயலுக்கோ திரும்பவும் அவர்களால் இயலவில்லை. உயிர் காத்தலுக்கும் வாழ்வு தருதலுக்கும் இடையே ஒரு பெரும் பிளவு இருந்தது.

1915இல் பிரிட்டனின் படை மருத்துவப் பிரிவில் சேர்ந்த மெக்கன்சி, இப்பிளவின்மேல் பாலம் கட்டியவருள் ஒருவர். மான்செஸ்டர் அருகே ஹீட்டன் பூங்கா முகாமில், நீர்ச் சிகிச்சை, தேய்ப்பு, மின் சிகிச்சை, படிப்படியான உடற்பயிற்சி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, தளர்ந்த வீரர்களை மீண்டும் நிமிரச் செய்தார். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றிற்கு எளிய பயிற்சிக் கருவிகளையும் வடிவமைத்தார். நோயாளி தானே முயன்று அசைக்கும் அசைவிற்கு அவர் சிறப்பிடம் தந்தார். ஊனமுற்றோரை மீட்டெடுத்தல் குறித்து அவர் எழுதிய நூல் 1918இல் வெளிவந்தது.

அமெரிக்கா போரில் இறங்கியதும், இப்பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டியிருந்தனர். உடற்கூற்றையும் அசைவையும் ஏற்கெனவே கற்றிருந்தவர் எவர்? உடற்கல்விப் பள்ளிகளில் பயின்ற பெண்களே. எனவே அத்தகைய பள்ளிகளிலேயே அவசரப் பயிற்சி வகுப்புகள் பல தொடங்கப்பட்டன. மேலே கூறிய பாஸ்டன் பள்ளியின் பட்டதாரியான மார்கரீட் சாண்டர்சன் இப்பெண்களைத் திரட்டும் பொறுப்பை ஏற்றார். அவர்களுக்கு 'மறுசீரமைப்பு உதவியாளர்' என்பது பெயர். படைப்பதவி எதுவும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. பொதுப் பணியாளராகவே அவர்கள் படை மருத்துவமனைகளில் உழைத்தனர்.

அவர்களுள் முதன்மையானவர் மேரி மெக்மில்லன் (1880–1959). இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உடற்கல்வி பயின்று, எலும்பு மருத்துவ அறிஞர் இராபர்ட் ஜோன்ஸிடம் பணியாற்றிய அனுபவமுடையவர். 1918இல் ஒரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் உதவியாளர் பலரைப் பயிற்றுவித்தார். 1921இல் அமெரிக்காவின் இயன்முறை மருத்துவப் பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கம் நிறுவியபோது, அதன் முதல் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். தேய்ப்பும் சிகிச்சைப் பயிற்சியும் பற்றிய அவருடைய பாடநூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1930களில் அவர் சீனாவின் பீகிங் நகர மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டார்.

இங்கு ஒரு செய்தியை மாணவர் நினைவிற் கொள்ளுதல் நலம். 1928இல் அச்சங்கம் இயன்முறை மருத்துவப் பயிற்சிக்கு ஒன்பது மாதக் குறைந்தபட்சப் பாடத்திட்டத்தை வகுத்தது. அதிற் சேர, உடற்கல்விப் பள்ளியிலோ செவிலியர் பள்ளியிலோ பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, விளையாட்டுப் படிப்பென்று நாம் ஏளனமாகக் கூறும் படிப்பு, மறுவாழ்வுப் பணியின் இரண்டு வாயில்களுள் ஒன்றாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது விளையாட்டே சிகிச்சையின் அங்கமாயிற்று. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்தோருக்கான பிரிவைத் தொடங்கினார். 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே. 1965ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்றமை அவ்வித்தின் கனிகளுள் ஒன்று.

4. சென்னையும் வேலூரும்

நம் நாட்டிற்கு இவ்வோடை இரண்டு வழிகளில் வந்தது. நெய்ஸ்மித் பணியாற்றிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1919இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ.விற்கு வந்தார். 1920இல் ஐந்து மாணவருடன் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. பக் 1943இல் மறைந்தார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் பரவியுள்ளனர்.

மற்றொரு வழி வேலூர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயினால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். வலுவுள்ள ஒரு தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்துவது அம்முறை. ஆனால் கத்தியோடு பணி முடிந்துவிடாது. இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையை மூளை கற்பிக்க வேண்டும். அதற்கு அறுவைக்கு முன்னும் பின்னும் பல வாரங்கள் பொறுமையான பயிற்சி தேவை. உணர்ச்சியற்ற கையை உடையவர் கண்ணால் பார்த்துப் பார்த்தே அதைக் கற்க வேண்டும். அறுவை மருத்துவர் நிமிர்த்திய விரலை ஒரு கோப்பையைப் பிடிக்கும் விரலாக்குபவர் பயிற்சியாளரே.

அவ்வறுவைக் கூடத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பணிபுரிந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேரிட்ட வாகன விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த அவர், பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவார்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் அத்துறையைக் கற்று, 1962இல் திரும்பி வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986இல் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்.

5. நாம் கற்க வேண்டியவை

முதலாவதாக, நாம் மேற்கோளாகக் காட்டும் வசனத்தை மீண்டும் நோக்குவோம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் ஆளும் கிரேக்கச் சொல் 'கிம்னாசியா'. உடற்பயிற்சி பயனற்றதென்று அவர் கூறவில்லை. தேவபக்தியோடு ஒப்பிடுங்கால் அதன் பயன் அளவானதென்றே கூறுகிறார். மேலும் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், திருமணத்தையும் உணவையும் விலக்கும் போதகரை அவர் கண்டிக்கிறார். படைக்கப்பட்ட உடலை இகழ்வோருக்கு எதிரான பகுதியை, உடலைப் பற்றிய படிப்பை இகழ்வதற்கு நான் பயன்படுத்தினேன். இது என் விளக்கப் பிழை, வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவதாக, ஆர்வத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல் வழியையும் அறிந்து சொல்ல வேண்டும். 1928இல் இருந்த வாயில் இன்று எல்லா நாட்டிலும் ஒரே விதமாகத் திறப்பதில்லை. அமெரிக்காவில் உடற்பயிற்சி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின், இயன்முறை மருத்துவத்தில் மூன்றாண்டு அளவிலான தொழிற்பட்டத்திற்குச் செல்வது வழக்கம். இந்தியாவிலோ, உயிரியல் பாடத்துடன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர் நேரடியாக இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டத்தில் சேருகிறார். உடற்கல்விப் பட்டமோ விளையாட்டு அறிவியற் பட்டமோ மட்டும் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தருவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் ஆசி வழங்கினால், இளைஞர் சில ஆண்டுகளை இழக்க நேரிடும்.

மூன்றாவதாக, நம் சபைகளில் பக்கவாதத்தினால் படுத்திருப்போர் பலர் உளர். அவர்களுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம், ஜெபிக்கிறோம், திரும்புகிறோம். அவர்கள் மீண்டும் எழுந்து உட்காரப் பயிற்சி தருபவர் அருகில் உண்டா என்று வினவுகிறோமா? அலங்கார வாசலில் இருந்த மனிதனைப் பேதுரு வலதுகையைப் பிடித்துத் தூக்கினான் என்பதை நாம் பிரசங்கிக்கிறோம். பிடித்துத் தூக்கக் கற்றவரை ஊழியர் என ஏற்கத் தயங்குகிறோம்.

அவ்விளைஞருக்கு இயன்முறை மருத்துவப் படிப்பின் வழியை விளக்கினேன். தந்தைக்கு நெய்ஸ்மித்தின் வரலாற்றைக் கூறினேன். அவர் முழுவதும் இசைந்தாரென்று சொல்வதற்கில்லை. ஆயினும் மகனின் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் திருப்பி அனுப்பியவருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அவர் இழந்த ஆண்டுகளை அது மீட்டுத் தராது. எனினும் அத்தகைய கடிதம் எழுத நேராதவாறு அறிவுரை கூறும் பொறுப்பு, இந்நாளில் குருத்துவப் பயிற்சி பெறும் மாணவருக்கு உண்டு.