பந்தைப் பகிரக் கற்பித்தவர்

கால்பந்தில் ஒருவர் இன்னொருவருக்குப் பந்தைத் தட்டிக் கொடுப்பதை இயல்பான செயலாகவே நாம் கருதுகிறோம். அது கற்பிக்கப்பட்ட ஒன்று. கற்பித்தவர்களுள் முதன்மையான ஒருவரை அவர் பிறந்த நாடு பொருட்படுத்தவில்லை என்பதே இவ்வரலாற்றின் விந்தை.

தொடக்ககால ஆங்கிலேய ஆட்டத்தில், பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு முட்டி மோதித் தனியே முன்னேறுவதுதான் வீரமெனப்பட்டது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் பன்னாட்டுப் போட்டியில், உடற்கட்டில் சிறியவர்களான ஸ்காட்லாந்தினர் இங்கிலாந்தைக் கோலின்றிச் சமன் செய்தனர். பந்தைத் தமக்குள் பகிர்ந்தாடும் முறை அவர்களிடமே வளர்ந்தது.

1882இல் லங்காஷயரில் பிறந்த ஜிம்மி ஹோகன் அம்முறையை உள்வாங்கிக்கொண்டவர். அக்கால ஆங்கிலக் கழகங்கள் பயிற்சியில் வீரர்களை ஓடவிட்டனவே தவிரப் பந்தை அதிகம் கொடுப்பதில்லை. வாரம் முழுதும் பந்தைக் காணாதவனுக்குச் சனிக்கிழமை அதன்மேல் பசி மிகும் என்பது அவர்களது நம்பிக்கை. பந்தோடு பழகாதவன் அது கிடைத்தால் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை.

ஹோகன் 1912இல் வியன்னா சென்று ஹியூகோ மைசலுடன் இணைந்து பயிற்சியளித்தார். 1914இல் போர் மூண்டதும் பகைநாட்டவரெனக் கைதானார். பின்னர் புடாபெஸ்டின் எம்.டி.கே. கழகம் அவரைப் பயிற்சியாளராக ஏற்றுக்கொண்டது. அவரது பாடம் எளியது: பந்து தரையில் உருள வேண்டும், வரும் பந்தை உடனே அடக்க வேண்டும், கொடுத்தவன் நின்றுவிடாமல் அடுத்த வெற்றிடத்தை நாட வேண்டும். பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரணி கோலடிக்க இயலாதன்றோ!

போர் முடிந்து தாயகம் திரும்பி உதவி கேட்டபோது, ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தில் கிடைத்தவை மூன்று இணை காலுறைகள் மட்டுமே என்பது ஹோகன் கூறிவந்த செய்தி.

1953 நவம்பர் 25. ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் சொந்த மண்ணில் தோற்றறியாத இங்கிலாந்து, வெம்ப்ளியில் ஹங்கேரியிடம் 3-6 எனத் தோற்றது. நடு முன்கள வீரரான ஹிடெக்குட்டி பின்வாங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றால் பின்களம் திறந்துவிடும். விட்டுவிட்டால் அவருக்குத் தடையில்லை. ஆங்கிலத் தடுப்பாளர்கள் திகைத்தனர். ஹிடெக்குட்டி மூன்று கோல்கள் அடித்தார். தங்களுக்குக் கால்பந்து கற்பித்தவர் ஹோகனே என்று ஹங்கேரியர் வெளிப்படையாகவே கூறினர். 1954 மே மாதம் புடாபெஸ்டில் 7-1 என மீண்டும் வென்றனர்.

வெம்ப்ளி ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து ஹோகனும் கண்டார். தாம் பயிற்சியளித்துவந்த ஆஸ்டன் வில்லா இளைஞர்களை உடன் அழைத்து வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 71. தன் பாடம் எதிரணியின் கால்களில் வென்றதைக் கண்ட அந்த ஆசிரியர் மகிழ்ந்தாரா, வருந்தினாரா? கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு விடை எளிதாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த இளைஞர்களை அவர் உடன் அழைத்து வந்தார் என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது.