389 என்று அச்சிடப்பட்ட 421

1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'கார் அன்ட் டிரைவர்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையின் அட்டையில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று முந்திச் செல்ல முனைவதுபோன்ற ஓவியம் ஒன்று வெளியாயிற்று. ஒன்று இத்தாலியின் பெராரி ஜி.டி.ஓ. மற்றையது அதே பெயரைத் துணிந்து சூடிக்கொண்ட அமெரிக்காவின் பொண்டியாக் ஜி.டி.ஓ. ஓவியத்தில் ஓடிய இவ்விரு கார்களும் உண்மையில் ஒரே தடத்தில் ஒருபோதும் சந்திக்கவில்லை. பொண்டியாக்கை மட்டுமே சஞ்சிகையாளர்கள் ஓட்டிப் பார்த்தனர். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை அது 4.6 விநாடிகளில் எட்டியது என்று எழுதினர். அமெரிக்க இளைஞர் கூட்டம் மயங்கிப் போனது.

அந்தக் காரில் இருந்தது 389 கன அங்குல எஞ்சின் என்றே வாசகர்கள் நம்பினர். விற்பனைக்கு வந்த ஜி.டி.ஓ. கார்களில் அதுதான் இருந்தது. ஆனால் பொண்டியாக்கின் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் வாங்கர்ஸ் என்பவர் பல ஆண்டுகள் கழித்து, 'குளோரி டேய்ஸ்' என்ற தமது நினைவு நூலில் உண்மையை ஒப்புக்கொண்டார். வேகச் சோதனைக்குக் கொடுக்கப்பட்ட காரில் 421 கன அங்குல எஞ்சின் இரகசியமாக மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு எஞ்சின்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பொனெட்டைத் திறந்து பார்த்தாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. செய்தித் தொழிலில் நீண்ட காலம் கழித்த எனக்கு இந்தச் சம்பவம் ஒரு பழைய தழும்பைத் தடவிப் பார்ப்பதுபோல இருக்கிறது. கொடுத்தவர் சொன்னதை அப்படியே அச்சேற்றிய குற்றத்தைச் செய்யாத செய்தியாளன் எங்கே இருக்கிறான்?

இன்று இந்தக் கார்கள் பழம்பொருட்களாகிவிட்டன. விலையோ விண்ணை முட்டுகிறது. ஆகவே ஒரு பழைய அமெரிக்கக் காரின் உண்மையான பெயர் என்ன, தொழிற்சாலையில் அதற்குப் பொருத்தப்பட்ட எஞ்சின் எது என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்காக இல்லை. எமது நாட்டில் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் இருக்கும்; அவை பொருந்தினால் மனம் நிம்மதி அடையும். அறுபதுகளின் அமெரிக்கக் காரை வாங்குபவனுக்கு அந்த நிம்மதி அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

காரணம் ஜி.டி.ஓ.வின் பிறப்பிலேயே இருக்கிறது. 1963இன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் தலைமையகம் தனது பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடை செய்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் பொருத்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. பொண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளராக இருந்த ஜோன் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தனர். புதிய மாதிரி ஒன்றை வெளியிடுவதற்குத்தான் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். இருக்கும் மாதிரி ஒன்றுக்கு விருப்பத் தெரிவாக எதையேனும் சேர்ப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை. எனவே டெம்பெஸ்ட் வரிசையின் லெ மான்ஸ் காருக்கு, 300 டொலருக்குச் சற்றுக் குறைந்த விலையில், ஒரு 'தெரிவுப் பொதி' உருவாயிற்று. ஜி.டி.ஓ. என்பது முதலில் அந்தப் பொதியின் பெயர்தான். ஒரு காபரேட்டருடன் 325 குதிரைவலு. மூன்று காபரேட்டர்களுடன் 348. முதல் ஆண்டில் 32,450 கார்கள் விற்பனையாகின. தலைமையகம் வாய் திறக்கவில்லை.

பெயர் இப்படிப் பின்வாசல் வழியாக நுழைந்ததால் பதிவேட்டில் அதற்கு இடம் இல்லாமற் போயிற்று. 1964ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. காரின் வரிசை இலக்கம் 8, 2, 4 என்று தொடங்கும். 8 என்றால் எட்டு சிலிண்டர். 2 என்றால் லெ மான்ஸ். 4 என்றால் 1964. ஆனால் சாதாரண 326 எஞ்சினுடன் வெளிவந்த லெ மான்ஸ் காரின் இலக்கமும் இதே மூன்று எண்களில்தான் தொடங்கும்! 1965இலும் இதே குழப்பம். 1966இல்தான் ஜி.டி.ஓ. தனி மாதிரியாயிற்று, அதன்பின் இலக்கம் 242 என்று தொடங்கினால் ஐயமில்லை. ஆனால் 1972இல் அது மீண்டும் லெ மான்ஸின் தெரிவுப் பொதியாகச் சுருங்கியது.

அப்படியானால் 1964ஆம் ஆண்டுக் காரை எப்படி அடையாளம் காண்பது? முன் மட்காட்டில் பதித்திருக்கும் சின்னத்தைப் பார்ப்பது முதற் பிழை. சின்னத்தைக் கடையில் வாங்கலாம். போதாக்குறைக்கு அந்தச் சின்னமே முழு உண்மையைச் சொல்வதில்லை: அதில் 6.5 லீட்டர் என்று எழுதியிருக்கும், 389 கன அங்குலத்தைக் கணக்கிட்டால் 6.4 லீட்டர்கூட முழுமையாக வராது. எஞ்சினின் முன்புறத்தில் பொறித்திருக்கும் சங்கேதத்தைப் பார்க்க வேண்டும். 78எக்ஸ் என்றால் கையால் கியர் மாற்றும் காருக்கான 325 குதிரைவலு எஞ்சின். 76எக்ஸ் என்றால் அதே வகைக் காருக்கான மூன்று காபரேட்டர் எஞ்சின். இதுவும் எஞ்சினைப் பற்றிய சான்றேயன்றிக் காரைப் பற்றிய சான்று அல்ல. இறுதித் தீர்ப்பைச் சொல்வது காகிதம்தான். பொண்டியாக் தொழிற்சாலை முகவர்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியல்கள் நுண்படச் சுருள்களில் தப்பிப் பிழைத்தன. 'பொண்டியாக் ஹிஸ்டோரிக் சேர்விசஸ்' என்ற நிறுவனம் அவற்றைப் பேணி, இலக்கத்தை அனுப்பும் உரிமையாளருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. அந்தப் பிரதியில் ஜி.டி.ஓ. பொதி குறிக்கப்பட்டிருந்தால் அது ஜி.டி.ஓ. இல்லையென்றால் எத்தனை சின்னங்கள் ஒட்டினாலும் அது லெ மான்ஸ்தான்.

செவ்ரோலே வாங்கியவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அமெரிக்காவில் அறுபதுகளில் தயாரான செவ்ரோலே கார்களுக்கு இத்தகைய ஆவணக் களஞ்சியம் எஞ்சவில்லை. செவெல் என்ற காரை எடுத்துக்கொள்வோம். 1966 முதல் 1968 வரை 'சூப்பர் ஸ்போர்ட் 396' என்பது தனி வரிசை. இலக்கம் 138 என்று தொடங்கும். 1969இல் அதை விருப்பத் தெரிவாக மாற்றினார்கள். அன்றிலிருந்து இலக்கம் ஊமையாயிற்று. 1970இல் 454 கன அங்குலமும் 450 குதிரைவலுவும் கொண்ட, எல்.எஸ். 6 என்று பெயர் பெற்ற எஞ்சினுடன் வந்த செவெலும், வெறும் 307 எஞ்சினுடன் கடைக்குப் போய்வரப் பயன்பட்ட செவெல் மலிபுவும் 13637 என்ற அதே எண்களில்தான் தொடங்கும். அந்த எண்கள் எட்டு சிலிண்டர், இரு கதவு என்பதற்கு அப்பால் எதுவும் சொல்லா. செவ்ரோலேயின் வாகன இலக்கத்தில் எஞ்சினுக்கென ஓர் எழுத்து வந்தது 1972இல்தான். போர்ட் மஸ்டாங் காரிலோ 1965ஆம் ஆண்டிலேயே ஐந்தாம் இடத்தில் கே என்ற எழுத்து இருந்தால் 271 குதிரைவலுவுள்ள 289 எஞ்சின் என்று பொருள். கிறைஸ்லர் கம்பனியின் 1970ஆம் ஆண்டுக் கார்களில் ஆர் என்ற எழுத்து 426 ஹெமி எஞ்சினைக் குறிக்கும். ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரு கம்பனி சொன்னதை மற்றது சொல்லாமல் விட்டது.

இந்த மௌனத்தில்தான் மோசடி குடியேறியது. எல்.எஸ். 6 எஞ்சினில், வலப்புறத் தலைப்பகுதிக்கு முன்னால் உள்ள சிறு சமதளத்தில் சி.ஆர்.வி. அல்லது சி.ஆர்.ஆர். என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுடன் டொனவாண்டா எஞ்சின் தொழிற்சாலையைக் குறிக்கும் டி என்ற எழுத்தும், எஞ்சின் பொருத்தப்பட்ட மாதமும் நாளும், வாகன இலக்கத்தின் ஒரு பகுதியும் இருக்கும். வேறு எஞ்சின் ஒன்றின் சமதளத்தைத் தேய்த்துவிட்டு வேண்டிய எழுத்துகளைப் புதிதாகப் பொறிப்பது கைதேர்ந்தவனுக்குக் கடினமன்று. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னர் எழுத்து இருக்கும் இரும்பைப் பார்ப்பார்கள். தொழிற்சாலை இயந்திரம் அந்தச் சமதளத்தைச் சீவியபோது விட்டுச்சென்ற நுண்ணிய இணைகோடுகள் எழுத்துகளுக்கிடையே தொடர்ந்து ஓடுகின்றனவா என்று கவனிப்பார்கள். வார்ப்பு நாளையும் ஒப்பிடுவார்கள். கார் தயாரான நாளுக்குப் பின்னர் வார்த்த எஞ்சின் அதற்குள் எப்படி வந்திருக்க முடியும்?

பெயர்கள் மட்டுமல்ல, எண்களும் நம்பத்தகுந்தவை அல்ல. 1970இல் செவ்ரோலே 396 என்று விற்ற எஞ்சின் உண்மையில் 402 கன அங்குலம். மக்களுக்குப் பழகிய எண் என்பதால் மாற்றவில்லை. போர்டின் 427, கணக்கிட்டால் ஏறத்தாழ 425. பியூக் வைல்ட்கட் காரின் எஞ்சின் மேல் 445 என்று பெரிதாக எழுதியிருக்கும். பலர் அதைக் கன அங்குலம் என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். எஞ்சின் 401தான், 445 என்பது முறுக்குவிசையின் அளவு. குதிரைவலுவின் கதை இன்னும் வேடிக்கை. 1971இல் 365 குதிரைவலு என்று சொல்லப்பட்ட செவெலின் 454 எஞ்சின் 1972இல் 270 ஆகக் குறைந்தது. எஞ்சின் மெலிந்துவிடவில்லை. அதுவரை மேசையில் தனியாக ஓடவிட்டு அளந்தவர்கள், காற்று வடிகட்டி, புகைக்குழாய் முதலியவற்றுடன் அளக்கத் தொடங்கினர்.

பழைய பெயர்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. 1955இல் செவ்ரோலேயின் உச்சம் பெல் எயார். அதன் வரிசை இலக்கம் வி, சி என்ற எழுத்துகளுடன் தொடங்கினால் எட்டு சிலிண்டர் பெல் எயார் என்று ஐயமின்றிச் சொல்லலாம். அவ்வளவு தெளிவான காலம் அது. 1958இல் பெல் எயாருக்குள்ளேயே ஒரு சிறப்பு மாதிரியாக இம்பாலா வந்தது. அடுத்த ஆண்டே தனி வரிசையாகி மேலே ஏறிக்கொண்டது. 1966இல் கப்ரிஸ் தனி வரிசையாகி இம்பாலாவைக் கீழே தள்ளியது. ஆகவே ஒருவர் "எங்கள் தகப்பனார் பெல் எயார் வைத்திருந்தார்" என்று பெருமைப்பட்டால் எந்த ஆண்டு என்று கேட்பதில் தவறில்லை.

ஆவணமற்ற செவெல் உரிமையாளர்களுக்கு எஞ்சிய ஒரே நம்பிக்கை, தொழிற்சாலையில் கார் உருவானபோது எந்தப் பாகத்தைப் பூட்ட வேண்டும் என்று தொழிலாளருக்கு அறிவித்த தயாரிப்புத் தாள். வேலை முடிந்ததும் அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஆசனத்தின் சுருள்வில்களுக்கிடையிலோ எரிபொருள் தாங்கியின் மேற்புறத்திலோ செருகியபடி விட்டுவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இன்று தாங்கியைக் கழற்றுபவர்களில் சிலருக்கு அந்தத் தாள் கிடைக்கிறது. பலருக்கு எலி அரித்த துண்டுகள் கிடைக்கின்றன. அந்தத் துண்டுகளையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, காருடன் சேர்த்து விற்கிறார்கள்.