மதிலுக்கு வெளியே ஒரு மண்மேடு

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்திலே பசுபிக் சமுத்திரத்தின் தென்மேற்குப் பகுதியை உற்று நோக்கினால், அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே ஊசிமுனையளவு புள்ளியொன்று தென்படும். சில படங்களில் அப்புள்ளியும் இராது. அதுவே நோர்போக் தீவு. பரப்பளவு ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர். சிட்னி நகரிலிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கும் அப்பால், தென் அகலக்கோடு 29 பாகையில், அயனமண்டலத்தின் விளிம்பைக் கடந்து நிற்கிறது. கடும் வெயிலும் இல்லை, உறைபனியும் இல்லை. ஆண்டு முழுவதும் இளவேனிலை ஒத்த காலநிலை.

இத்தீவை யான் நேரிற் கண்டவனல்லன். ஏடுகளும் படங்களும் காட்டிய வழியிலேயே அங்கு சென்று வந்தேன். ஆயினும் அவ்வாறு சென்று வந்தபின் மனத்தில் எழுந்த வினாவொன்று, அங்கு நேரிற் செல்வோர்க்கும் உரியது என்று தோன்றியமையால் இதனை எழுதுகின்றேன்.

தீவின் தென்கரையிலே கிங்ஸ்ரன் என்னும் சிறு குடியேற்றம் அமைந்துள்ளது. பவளப்பார் அணைத்துக் காக்கும் நீலக்கடல். அதன் கரையில் எமிலிக் குடா. வானளாவி நிற்கும் நோர்போக் பைன் மரங்கள். புல்வெளியில் மேயும் பசுக்கள். அவற்றினிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த ஜோர்ஜியன் பாணிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. அதிகாரிகள் வாழ்ந்த தெருவுக்கு ‘குவாலிற்றி றோ’ என்று பெயர். உயர்ந்தோர் வரிசை எனப் பொருள்கொள்ளலாம். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அவுஸ்திரேலியக் கைதிக் குடியேற்றங்கள் பதினொன்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது இவ்விடமும் அவற்றுள் ஒன்றாயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர், சுவர்களின் நேர்த்தியை வியக்கின்றனர், படம் பிடித்துக்கொள்கின்றனர்.

இந்தச் சுவர்களின் கல்லை வெட்டியவர் யாவர்? அவர்கள் எங்கே உறங்குகின்றனர்? நான் குறிப்பிட்ட வினா இதுவே.

தீவின் கதை ஐரோப்பியரோடு தொடங்கவில்லை. 1990களில் எமிலிக் குடாவில் நடந்த அகழ்வாராய்ச்சி, பொலினீசியக் கடலோடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்து சென்றமையை நிறுவியது. அடுப்புகளும் கல்லாயுதங்களும் அவர்தம் வாழ்வுக்குச் சான்று பகர்ந்தன. 1774ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி கப்டன் குக் அங்கு வந்தபோது தீவு ஆளற்றுக் கிடந்தது. நெடிதுயர்ந்த பைன் மரத்தைக் கண்ட அவர் கண்ணுக்கு அது கப்பலின் பாய்மரமாயிற்று. அங்கு வளர்ந்த நார்ச்செடி பாய்த்துணியாயிற்று. கடலாதிக்கத்தை நாடிய பேரரசின் கண் வேறெப்படிப் பார்க்கும்?

1788 மார்ச் 6ஆம் திகதி லெப்டினன்ற் பிலிப் கிட்லி கிங் என்பார் சிறு கூட்டத்தோடு கரையிறங்கினார். அவரோடு வந்த 22 பேரில் 15 பேர் இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். ஆண்கள் ஒன்பது, பெண்கள் ஆறு. பைன் மரமோ பாய்மரத்துக்கு உதவாதெனக் கண்டனர். நார்ச்செடியைப் பதப்படுத்தும் வகையும் அறியார். ஆகவே 1793இல் நியூசிலாந்துக் கரையோரத்தில் துக்கி, ஹுரு என்னும் மாவோரி இளைஞர் இருவரைக் கப்பலில் கவர்ந்து கொணர்ந்தனர், நார்த் தொழிலைக் கற்பிக்கும்படி. ஆனால் மாவோரி மக்களிடையே அது பெண்கள் செய்யும் தொழில். இளைஞர் இருவரும் அதுபற்றி அறிந்தது மிகச் சொற்பம். அவர்களை மதிப்போடு நடத்திய கிங், அவ்வாண்டின் இறுதியிற் தாமே உடன்சென்று அவர்தம் நாட்டிற் சேர்ப்பித்தார். தம்மாற் கவரப்பட்டவர்களின் வாழ்க்கையைப் பற்றி ஓர் அரசு எவ்வளவு அறிந்திருந்தது என்பதற்கு இச்சிறு நிகழ்ச்சியே போதும்.

1790 மார்ச்சில் ‘சிரியஸ்’ என்னும் கப்பல் கிங்ஸ்ரன் பவளப்பாரில் மோதிச் சிதைந்தது. உணவுக்கப்பல் வாராமையால் தீவினர் பட்டினியின் விளிம்பில் நின்றனர். பிற் மலையிற் கூடுகட்டிய கடற்பறவைகளே அவர்களைக் காத்தன. சில மாதங்களுள் 170,000க்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. காலப்போக்கில் அவ்வினம் அம்மலையைவிட்டே மறைந்தது. 1814இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. பிறர் எவரும் பயன்படுத்தலாகாது என்று கட்டடங்கள் அழிக்கப்பட்டன.

இன்று நாம் காணும் கிங்ஸ்ரன் 1825இல் தொடங்கிய இரண்டாவது குடியேற்றத்தின் ஆக்கம். அக்காலத்து இங்கிலாந்தை ஒருகணம் நினைவுகூர்தல் வேண்டும். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு நிலவுடைமையாளர் கைக்குப் போயின. இயந்திரம் கைத்தொழிலாளரின் பிழைப்பைப் பறித்தது. பசித்தவன் திருடினான், திருடியவன் கடல் கடந்து நியூ சவுத் வேல்சுக்கு அனுப்பப்பட்டான். அங்கும் அடங்காதவனை அனுப்புதற்கு அதனினும் கொடிய ஓரிடம் தேவைப்பட்டது. அவ்விடமே நோர்போக். அங்கு அனுப்பப்பட்டவர் யாவரும் கொடுங்கொலைஞர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அண்மைக்கால ஆய்வாளர் பதிவேடுகளை ஆராய்ந்து, அவர்களுட் பெரும்பாலோர் உடைமைக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவரே என்று காட்டியுள்ளனர்.

அக்கைதிகளே சுண்ணக்கல்லை வெட்டினர்; அருகிலுள்ள நேப்பியன் என்னும் சிறுதீவிலிருந்தும் கல் கொணர்ந்தனர்; சூளையிற் சுண்ணாம்பு சுட்டனர்; தம்மைக் காவல்செய்யும் படைவீரரின் பாசறையையும் தம்மை அடைக்கும் சிறையையும் தம் கையாலேயே எழுப்பினர். சாட்டையும் கால்விலங்கும் தனியறையும் அங்கு அன்றாட வழக்குகள்.

1834இல் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. தூக்கிலிடப்படவிருந்தோர்க்கு இறுதி ஆறுதல் கூற வில்லியம் உல்லத்தோர்ண் என்னும் கத்தோலிக்கக் குரு அனுப்பப்பட்டார். யார் சாவர், யார் பிழைப்பர் என்னும் செய்தியையும் அவரே சிறையறைகளிற் சொல்ல நேர்ந்தது. சாவு விதிக்கப்பட்டவர்கள் முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி கூறினர் என்றும், உயிர்ப்பிச்சை பெற்றவர்கள் துயருற்றனர் என்றும் அவர் பின்னர் எழுதினார். பதின்மூவர் தூக்கிலிடப்பட்டனர். சாவை வரமாகவும் வாழ்வைத் தண்டனையாகவும் மாற்றிவிட்ட ஓரிடத்தைப் பற்றி இதற்குமேற் சான்று வேண்டியதில்லை.

இவ்விருளினூடே நான்காண்டு காலம் ஒரு விளக்கு எரிந்தது. 1840இல் தீவின் பொறுப்பேற்ற அலெக்சாந்தர் மக்கோனக்கி, கடற்படையிற் பணியாற்றியவர். போர்க்கைதியாகப் பிரான்சிற் சிறையிருந்தவர். சிறையின் உட்புறத்தைத் தாமே அறிந்தவராதலின், தண்டனை மனிதனை முறிப்பதற்கன்றி அவனைச் சமுதாயத்துக்கு மீட்பதற்கே என்று வாதாடினார். ஆண்டுக்கணக்கான தண்டனைக்குப் பதிலாகப் புள்ளிமுறையொன்றை வகுத்தார். உழைப்பாலும் நன்னடத்தையாலும் கைதி புள்ளிகளை ஈட்டித் தன் விடுதலையைத் தானே நெருங்கலாம். கைதிகளுக்கு நூல்களும் இசைக்கருவிகளும் தருவித்தார். தோட்டம் செய்யச் சிறுநிலம் கொடுத்தார். இறந்த கைதிகளுக்கு நடுகல் நிறுத்தவும் இசைந்தார். 1840 மே மாதம் விக்ரோறியா மகாராணியின் பிறந்தநாட் கொண்டாட்டத்தன்று சிறைக்கதவுகளைத் திறந்துவிட்டார். கைதிகள் தீவெங்கும் உலாவினர்; விருந்துண்டனர்; நாடகம் நடித்தனர். மாலையில் ஊதுகொம்பு ஒலித்ததும் அமைதியாகத் தம் இடம் திரும்பினர்.

சிட்னியில் ஆத்திரம் எழுந்தது. கைதிக்கு விருந்தா என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. தேசாதிபதி கிப்ஸ் என்பார் மக்கோனக்கியின் முறையை ஐயுற்றவர். அவர் 1843இல் முன்னறிவிப்பின்றித் தீவுக்குச் சென்று, எங்கும் ஒழுங்கு நிலவுவதைக் கண்டு, பாராட்டி அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை இலண்டனை அடையுமுன்னரே மக்கோனக்கியைத் திருப்பியழைக்கும் கட்டளை எழுதப்பட்டுவிட்டது.

இங்கேதான் இவ்வரலாற்றின் மையம் உள்ளது. மக்கோனக்கி தோற்றமையால் நீக்கப்பட்டார் என்பது பொருந்தாது. கைதி திருந்துகிறானா என்பது ஆட்சியாளரின் கேள்வியே அன்று. நோர்போக் என்னும் பெயரைக் கேட்டாலே இங்கிலாந்தின் ஏழைகள் நடுங்க வேண்டும். அதற்காகவே அத்தீவு வைத்திருக்கப்பட்டது. அங்கு தோட்டமும் இசையும் உண்டென்று செய்தி பரவின், அச்சத்தின் ஆட்சி என்னாவது? அச்சிறையின் உண்மையான இலக்கு உள்ளே இருந்தவரைவிட வெளியே இருந்தவரே.

மக்கோனக்கி 1844இல் நீங்கினார். பின்வந்தவர் பழைய கொடுமையை மீட்டார். கைதிகளின் தோட்டங்கள் பறிக்கப்பட்டன. 1846 ஜூலை முதலாந் திகதி விடிந்தபோது, தாம் சமைத்துண்ணும் பாத்திரங்களும் முந்திய இரவிற் பறிக்கப்பட்டதைக் கைதிகள் கண்டனர். தமக்கென எஞ்சியிருந்த அந்தத் தகரப் பாத்திரமும் போனபின் அவர்கள் பொறுக்கவில்லை. கிளர்ச்சியில் நால்வர் கொல்லப்பட்டனர். கட்டளையிட்ட மேலதிகாரிகள் எவரும் அந்நால்வரில் இல்லை. யாவரும் கீழ்நிலைக் காவலரும் மேற்பார்வையாளருமே. ஒடுக்கப்பட்டவனின் சினம் அருகிலுள்ள எளியவன் மீதே முதலில் விழுகிறது என்னும் துயர உண்மையையும் நாம் மறைக்கலாகாது.

ஒக்ரோபர் 13ஆம் திகதி பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர். தலைமை தாங்கியவன் வில்லியம் வெஸ்ற்வுட். வயது இருபத்தாறு. 1837ஆம் ஆண்டு, பதினாறு வயதுச் சிறுவனாக அவன் இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டது எதற்காக? ஒரு மேலங்கியைத் திருடியமைக்காக. பன்னிருவரும் கிங்ஸ்ரன் கடலோர மயானத்தின் புனித எல்லைக்கு வெளியே ஒரே குழியிற் புதைக்கப்பட்டனர். ‘கொலைஞர் மேடு’ என்று ஆட்சி அதற்குப் பெயரிட்டது. பின்வந்த பொறுப்பதிகாரி ஜோன் பிறைஸ் 1853 வரை அங்கு நடத்திய கொடுமைக்கு அப்படி ஒரு பெயரும் சூட்டப்படவில்லை. அவர் 1857இல் மெல்பேணுக்கு அருகே கைதிகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டார் என்பது வரலாறு.

1855இல் சிறைக் குடியேற்றம் மூடப்பட்டது. 1856 ஜூன் 8ஆம் திகதி ‘மொறேஷயர்’ என்னும் கப்பலில் புதிய மக்கள் 194 பேர் வந்திறங்கினர். 1789இல் ‘பவுண்டி’ என்னும் கப்பலிற் கலகம் செய்த மாலுமிகளுக்கும் தாகித்தியப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்கள் அவர்கள். பிற்கேர்ன் என்னும் சிறுதீவு தம் பெருகிய தொகைக்குப் போதாமையால் வந்தவர்கள். ஆங்கிலமும் தாகித்திய மொழியும் கலந்த அவர்தம் பேச்சு இன்றும் அங்கு வழங்குகிறது. தீவு முழுவதும் தமக்கே அளிக்கப்பட்டதென அவர்கள் நம்பினர். ஆட்சியோ அவ்வாறு கருதவில்லை. 1908இல் கிங்ஸ்ரன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1979இல் அவர்களுக்குத் தன்னாட்சி கிடைத்தது. கைதிகள் கட்டிய பழைய படைப்பாசறையிலேயே அவர்தம் சட்டசபை கூடிற்று. கடனிலும் வருவாய்க் குறைவிலும் தீவு தள்ளாடியபோது, 2015இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் அச்சபையைக் கலைத்தது. அதற்குச் சற்று முன்னர் நடந்த வாக்கெடுப்பில் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை வேண்டுமென வாக்களித்தோர் நூற்றுக்கு 68 பேர். தொலைவிலிருந்து எழுதப்படும் கட்டளை அத்தீவுக்குப் புதிதன்று.

ஆண்டுதோறும் ஜூன் 8ஆம் திகதி தீவு மக்கள் கிங்ஸ்ரன் துறையிலே முன்னோர் கரையிறங்கிய காட்சியை நடித்து, மயானம் வரை நடந்து சென்று, பாடல்கள் இசைக்கின்றனர். பின்னர் பழைய சிறைமதிலுக்குள்ளே, புல்தரையில், குடும்பம் குடும்பமாக அமர்ந்து விருந்துண்கின்றனர். பாத்திரத்துக்காக மனிதர் உயிர்நீத்த இடத்திலே குழந்தைகள் உணவைப் பகிர்ந்துண்ணும் காட்சி நெஞ்சுக்கு ஆறுதல் தருவதே.

ஆயினும் அந்த மேடு இன்னும் வெளியேதான் இருக்கிறது. கிங்ஸ்ரனுக்குச் செல்வோர் குவாலிற்றி றோவின் வீடுகளைக் காண்பதற்கு முன்னர் அவ்விடத்திற் சிறிதுநேரம் நிற்பாராக. ஒரு மேலங்கியின் விலை என்ன என்று அங்கு எண்ணிப் பார்ப்பாராக. அதன்பின் அந்த வீடுகளின் அழகைக் காணட்டும். கல்லைக் கொத்திய கைகளும் அப்போது கண்ணிற் படும்.