கதிரும் வாழ்வும்: வலிப்புநோய்ச் சிகிச்சை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு காலம் எதனைக் 'குணம்' எனக் கொண்டது என்னும் வினா ஆங்கு அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வலிப்புநோய்க்கான கதிர்ச் சத்திரசிகிச்சையை இவ்வினாவுடன் நோக்குதல் எமது நோக்கமாகும்.

மண்டையோட்டைத் திறவாது, கதிர்களை ஒரு புள்ளியிற் குவித்து மூளைக்குச் சிகிச்சையளிக்கும் முறையைச் சுவீடன் நாட்டு நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951 இல் முன்வைத்தார். 1960களின் பிற்பகுதியிற் கோபாற்று-60 இன் காமாக் கதிர்களைப் பயன்படுத்தும் கருவி உருவாயிற்று. 1993 இல் பிரான்சின் மார்செய் நகரில் ஜோன் ரெஜிஸ் குழுவினர், நெற்றிப்பொட்டுப் புறமான மூளைச் சோணையிலே தோன்றும் வலிப்புக்கு இதனைக் கையாளத் தொடங்கினர்.

தொடக்கத்தில் வலிப்புகளின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாயிருந்தது. 1990களில் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் வினாக்கொத்துகள் எழுந்தன. 2018 இல் வெளியான 'ரோஸ்' ஒப்பாய்வு இரண்டையும் கணக்கிற் கொண்டது. கதிர்ச்சிகிச்சை பெற்ற 31 பேருள் 16 பேரும், கத்தியாற் சத்திரசிகிச்சை பெற்ற 27 பேருள் 21 பேரும் மூன்றாம் ஆண்டில் வலிப்பற்றிருந்தனர். வலிப்பு நின்றவரிடத்தே வாழ்க்கைத்தரமும் உயர்ந்தது.

ஆயினும் கதிரின் பயன் உடனே தோன்றுவதன்று. ஓராண்டளவோ அதற்கு மேலோ காத்திருத்தல் வேண்டும். இடையில் மூளைவீக்கமும் தலைவலியும் சிலரை வருத்துகின்றன. ஆய்வாளனுக்கு இக்காலம் அட்டவணையில் ஓர் இடைவெளி. இயந்திரத்தின் முன் நின்று உழைப்பவனுக்கோ கூலியிழந்த மாதங்கள். வாழ்க்கைத்தரம் என்பது வர்க்கநிலையினின்றும் பிரித்தறியத்தக்கதன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

நடத்தை பற்றியும் அவ்வாறே கூறலாம். கத்தியாற் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்த அவுஸ்திரேலிய அறிஞர் பிளேடினும் வில்சனும், வலிப்பு நின்ற பின்னரும் சிலர் மனச்சோர்வுக்கும் குடும்பப் பிணக்குக்கும் ஆளாவதைக் கண்டு, அதனை 'இயல்புநிலையின் சுமை' என்றனர். நோயாளி என்னும் பாத்திரம் நீங்கியபின் தொழிலும் பொறுப்பும் உறவும் புதிதாய் அமைதல் வேண்டும். கதிர்ச்சிகிச்சையால் நலம்பெறுபவர்க்கும் இது பொருந்தாதிருத்தற்கு நியாயமில்லை.

இவ்வமைப்பு தனிமனித முயற்சி மாத்திரமன்று. இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்தில் வலிப்புநோய் மணத்தடையாக இருந்தது. 1999 இலேயே அது நீக்கப்பட்டது. அதுவரை வலிப்பு நின்றவரும் அச்சொல்லின் நிழலிலேயே வாழ்ந்தனர். அத்தடையை எக்கதிரும் அகற்றியிருக்க முடியாது. ஆகவே சிகிச்சையின் பயனை மதிப்பிடுவோர், மூளையை மட்டுமன்றி, மூளையுடையோனுக்குச் சமூகம் விட்டுவைத்துள்ள இடத்தையும் அளந்தறிதல் அவசியமென்பதே எமது துணிபு.