குரங்கின் குருதியில் மறைந்திருந்த காய்ச்சல்

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் மலேரியாவை விடுத்து எழுதுதல் இயலாது. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் பிரித்தானிய மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பொறுப்பேற்றபோது, அந்நகரிலும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்காம் துறைமுகத்திலும் காய்ச்சல் கடுமையாகப் பரவியிருந்தது. அவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டுவித்து நோயைத் தணித்தார். பின்னர் அவருடைய கவனம் தோட்டங்களின்பால் சென்றது. அங்கே காட்டை அழித்து ரப்பர் நட்ட தமிழ்த் தொழிலாளர் பலர், லயங்களில் குளிர் நடுக்கத்துடன் கிடந்து மாண்டனர்.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. ஆயின், அதே கிள்ளான் வட்டாரத்தில் மற்றொரு மலேரியாவும் வழங்கி வந்தது என்பதைச் சிலரே அறிவர். அது குரங்குகளின் மலேரியா. அதனைக் கண்டறிந்த கதையில் கல்கத்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் பங்குண்டு.

மலேரியாவை உண்டாக்குவது குருதியின் சிவப்பணுக்களில் குடியேறும் ஓர் ஒட்டுண்ணி. மனிதரைப் பற்றும் ஒட்டுண்ணிகள் நான்கு வகை என்றே நெடுங்காலம் கூறி வந்தனர். பால்சிபாரம், வைவாக்ஸ், ஓவேல், மலேரியே என்பன அவை. முதல் மூன்றும் ஏறத்தாழ 48 மணி நேரத்திற்கு ஒருமுறையும், நான்காவது 72 மணி நேரத்திற்கு ஒருமுறையும் பெருகும். நான்காவது வகை பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதில்லை.

1931ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் காலா அசார் நோயை ஆராய்ந்து கொண்டிருந்தனர். அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு நீண்டவால் குரங்கின் குருதியில் புதியதோர் ஒட்டுண்ணி காணப்பட்டது. இவ்வினக் குரங்கையே மலாய்க்காரர் 'கெரா' என்பர். அக்குருதியை வட இந்தியக் காடுகளில் வாழும் ரீசஸ் குரங்கிற்குச் செலுத்தியபோது நோய் கொடியதாக மாறிற்று. 1932இல் நோல்ஸ், தாஸ் குப்தா என்னும் இருவரும் அது மனிதருக்கும் பற்றும் என்று மெய்ப்பித்தனர். அவ்வாண்டே சின்டன், முல்லிகன் என்போர் நோல்ஸின் பெயரால் அதற்கு 'பிளாஸ்மோடியம் நோலெசி' என்று பெயரிட்டனர். அது 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகுவது. நாள்தோறும் காய்ச்சலைத் தருவது.

இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. காட்டிலுள்ள கெராவின் உடலில் இவ்வொட்டுண்ணி மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும். குரங்கு நோயுற்றதாகவே தோன்றாது. அதன் குருதியில் ஒரு துளியை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் புலப்படாமல் போதலும் உண்டு. ஆதலின், அக்குருதியை ரீசஸ் குரங்கிற்குச் செலுத்திக் காத்திருப்பதே அக்காலத்து நம்பிக்கையான சோதனையாயிற்று. கண்ணுக்கு மறைந்தது அவ்வுடலில் பல்கி வெளிப்பட்டது.

1900ஆம் ஆண்டில் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இத்துறையில் முன்னரே பெயர் பெற்றிருந்தது. அங்குப் பணியாற்றிய ஜே. டபிள்யூ. பீல்டு, தடித்த குருதிப் பூச்சினைச் சில வினாடிகளில் சாயமேற்றும் முறையை 1941இல் வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. 1960இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில், மலாயாக் குரங்கிலிருந்து பெறப்பட்ட வேறொரு மலேரியா, கொசுக்கடியால் டான் எயில்ஸ் என்னும் அறிஞரையே பற்றிற்று. குரங்கின் நோய் கொசு வழியே மனிதருக்கு வரக்கூடும் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆராய்ச்சியைத் தொடர எயில்ஸ் கோலாலம்பூருக்கு வந்தார். இந்நாட்டு மலேரியா அறிஞர் ஏ. ஏ. சந்தோஷம் முதலியோர் அவருடன் உழைத்தனர்.

கிள்ளானுக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில், நீப்பா மரங்கள் அடர்ந்த கழிநிலத்தில், வார்ட்டனும் எயில்ஸும் 'அனோபிலிஸ் ஹேக்கரி' என்னும் கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்தனர். நோலெசியை இயற்கையில் சுமந்து திரியும் கொசு எதுவென்பது 1961இல் அங்குதான் முதன்முதல் வெளியாயிற்று. அக்கொசுவிலிருந்தே 'கோட்னியை' என்னும் மற்றொரு குரங்கு ஒட்டுண்ணியும் கிட்டியது. தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் 'பெரூக்' குரங்கில் கண்ட புதிய ஒட்டுண்ணிக்குப் பீல்டின் பெயரைச் சூட்டினர். ஹேக்கரி குரங்குகளையே நாடுவது. மனிதரை அரிதாகவே கடிப்பது. ஆகவே ஊரார்க்கு அதனால் அச்சமில்லை எனக் கருதினர்.

1965இல் நிலை மாறிற்று. பகாங் காட்டில் தங்கித் திரும்பிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் காய்ச்சலுற்றார். அவர் குருதியைப் பார்த்தோர் முதலில் பால்சிபாரம் என்றனர்; பின்னர் மலேரியே என்றனர். குருதியை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தியபோது அவை மடிந்தன. நோய் நோலெசியே என்பது அப்போதுதான் தெரிந்தது. உடனே பகாங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் குருதியை எடுத்து அவ்வாறே சோதித்தனர். ஒன்றிலும் நோலெசி இல்லை. எனவே அந்நில அளவையாளருக்கு வந்தது அரிய நிகழ்ச்சி என்று முடிவு கட்டினர்.

அம்முடிவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் 'மலேரியே' எனக் குறிக்கப்பட்ட நோயாளிகள் மிகப் பலராயிருந்ததைப் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் ஐயுற்றனர். மரபணுச் சோதனையால் 208 நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 120 பேருக்கு இருந்தது நோலெசி. முற்றிய நிலையில் நோலெசியும் மலேரியேயும் கண்ணாடியின் கீழ் ஒரே வடிவாகத் தோன்றியதே பிழைக்குக் காரணம்.

இதனைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். பழைய ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் இருக்கும். வடிவை மட்டும் நோக்கிப் படிப்பவன் பொருளைப் பிழைபடக் கொள்வான். ஏட்டில் அது பாட வேறுபாடாய் முடியும். மருத்துவத்திலோ உயிரிழப்பாய் முடியலாம். மெல்லிய நோயென எண்ணி வாளாவிருந்தால், நாள்தோறும் பெருகும் நோலெசி விரைவில் உயிரைக் குடிக்கும். தக்க காலத்தில் அறிந்தால் மருந்துக்கு அது கட்டுப்படும்.

2018 முதல் அடுத்தடுத்த ஆண்டுகளில் மனித மலேரியா மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாகப் பதிவாகவில்லை. வாட்சன் காலத்தை எண்ணினால் இது பெரும் வெற்றியாகும். ஆயினும் நோலெசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பற்றியுள்ளது. அவருள் மிகுதியானோர் சபா, சரவாக் மாநிலத்தவர். காடு திருத்துவோரும் காட்டோரத் தோட்டங்களில் உழைப்போருமே பெரிதும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பத்துமலைப் படிகளில் குரங்குகளைக் காண்போர் இதனால் அஞ்சவேண்டியதில்லை. நோயைக் கொணர்வது குரங்கின் கடியன்று, காட்டுக் கொசுவின் கடியேயாகும். ஆனால் காட்டிற்குச் சென்று வந்தவர் காய்ச்சலுற்றால், எங்குச் சென்றார் என்பதை மருத்துவரிடம் தவறாது சொல்லவேண்டும். கண்ணாடி காட்டாத வேறுபாட்டை அச்சொல் காட்டக்கூடும்.