சக்தி (நுண்செயலி)

சக்தி என்பது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடியின் தலைமையில் உருவாக்கப்பட்ட திறந்த மூல நுண்செயலிக் குடும்பம் ஆகும். அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை இது அடிப்படையாகக் கொண்டது. கட்டளைத் தொகுதியை, மென்பொருளுக்கும் நுண்செயலிக்கும் பொதுவான மொழி எனலாம். ரிஸ்க்-ஃபைவைப் பயன்படுத்த உரிமத்தொகை செலுத்த வேண்டியதில்லை. சக்தியின் வடிவமைப்பு நிரல்களும் பொதுவில் வெளியிடப்பட்டுள்ளன. எனவே அவற்றில் மறைவான வழிகள் ஏதும் உள்ளனவா என எவரும் ஆராயலாம். பாதுகாப்பு, விண்வெளித் துறைகளுக்கு இது சிறிய வசதியன்று.

வடிவமைப்பைக் காட்டிலும் உற்பத்தியே பெரிய தடையாக இருந்து வந்துள்ளது. 2018 இல் ஒரு சில்லு அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. அதே ஆண்டில் சண்டிகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் செய்யப்பட்ட மற்றொன்று 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலானது. இவ்வெண் குறையக் குறைய ஒரே பரப்பில் கூடுதல் திரிதடையங்கள் அடங்கும். 2020 இல் மௌசிக் என்னும் சில்லு வெளிவந்தது. 2025 இல் இந்திய விண்வெளி ஆய்வு மையத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட ஐரிஸ் சில்லும் சண்டிகரில், அதே 180 நானோமீட்டரிலேயே செய்யப்பட்டது.